காமரன் அம்மையார்

கலைத்துறையிற் புகழ் பெற்றோர் பலர் இளமையிலேயே அதனைப் பயிலத் தொடங்கியவராவர். நாற்பத்தெட்டாம் வயதிற் படப்பெட்டியைக் கையிலெடுத்து, நிழற்படக் கலையில் நிலைத்த பெயர் பெற்ற ஓர் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

ஜூலியா மார்கரெட் காமரன் 1815-ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தைச் சார்ந்த வைட்டுத் தீவில் வாழ்ந்தார். 1863-ஆம் ஆண்டின் இறுதியில், தனிமையிற் பொழுது போக்குமாறு, மகளும் மருமகனும் அவருக்கு ஒரு படப்பெட்டியைப் பரிசளித்தனர். அம்மையாரோ அதனைப் பொழுதுபோக்காகக் கொண்டாரல்லர். நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிகள் வெளியேற, கண்ணாடி பொருந்திய கோழிக்கூடு படமெடுக்கும் கூடமாயிற்று.

முதற்படம் அவர் கைபட்டே அழிந்தது. பின்னொரு படம் குழந்தையொன்றின் சிரிப்பாற் கெட்டது. அவர் தளர்ந்தாரல்லர், 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் படத்தில் முதல் வெற்றி கண்டார்.

அந்நாளிற் படமெடுத்தல் எளிதன்று. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து உருத்துலக்கல் வேண்டும். எதிரே அமர்ந்தோர் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். ஆதலின் எத்தகைய படம் வேண்டுமென்பதை அம்மையார் முன்னரே உள்ளத்தில் வரைந்துகொள்வார். திருமறையும், இத்தாலிய ஓவியங்களும், அண்டை வீட்டினரான தெனிசன் என்னும் புலவரின் பாக்களும் அவர்க்கு ஊற்றாயின. பணிப்பெண் மேரி ஹில்லியர் அவர் படங்களிற் கன்னி மரியாளாயினர். 1867-இல் வானநூலறிஞர் ஹெர்ஷலைப் படமெடுக்குமுன், நரைத்த தலைமயிர் ஒளிபெற்று விளங்குமாறு அதனைக் கழுவச் செய்தார். 1874-இல் தெனிசனது காவியத்திற்குப் படமெடுத்தபொழுது, தம் கணவரையே மெர்லின் என்னும் மந்திரவாதியாக அமர்த்தினார்.

உருவம் தெளிவின்றி மங்கித் தோன்றுகிறதென்றும், தகட்டிற் கறைகள் உளவென்றும் நிழற்படக் கலைஞர் பலர் இகழ்ந்தனர். புறவடிவின் கூர்மையினும் அகத்தின் ஒளியே பெரிதென அவர் கருதினார். தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-இல் அவர் படங்களை விலைக்கு வாங்கிற்று.

1875-இல் இலங்கை சென்று, களுத்துறைக் குடியானவரையும் படம்பிடித்தார். 1879-இல் அங்கே உயிர் நீத்து, பொகவந்தலாவைத் திருச்சபைக் கல்லறையில் அடக்கம் பெற்றார்.

தோழர்காள்! கோழிக்கூட்டைக் கலைக்கூடமாக்கியது செல்வமன்று. முன்னரே கண்டு தெளிந்த உள்ளமும் சலியாத முயற்சியுமே. அழிந்த முதற்படத்தோடு அவர் ஓய்ந்திருப்பின், உலகம் எத்துணை முகங்களை இழந்திருக்கும்! தொடங்கிய பணியில் முதற்பிழை கண்டு மனம் சோரும்பொழுதெல்லாம், நாம் இவ்வம்மையாரை நினைவு கூர்வோமாக.