கண்ணாடித் தொட்டியில் கடலை வளர்த்த பிலிப் ஹென்றி காஸ்

கரைகாணாக் கடலை ஒரு சிறு கண்ணாடித் தொட்டிக்குள் உயிரோடு வைத்திருக்க முடியுமா? முடியும் என்று 170 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய அறிஞர்களுள் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ். அவர்தம் வரலாற்றை நாம் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

காஸ் 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இங்கிலாந்து நாட்டின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிறிய உருவப்படங்கள் வரைந்து பிழைத்த ஓவியர். வருவாய் குறைந்த குடும்பம். பூல் என்னும் துறைமுக ஊரில் காஸ் வளர்ந்தார். கடற்பாறைகளில் ஒட்டிக்கொண்டு பூப்போல் விரியும் கடற்சாமந்தி என்னும் உயிரைப் பற்றி அவருடைய அத்தையார் அவருக்கு எடுத்துரைத்தார். அதனைக் கடல்நீர் நிறைந்த பாத்திரத்தில் வைத்து வளர்க்கலாம் என்றும் சொல்லிக் கொடுத்தார். இளமையில் விதைத்த அவ்வித்து பிற்காலத்தில் பெருமரமாயிற்று.

குடும்ப நிலை காரணமாக 1827இல், தம் 17ஆம் வயதில், அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூபவுண்ட்லாந்து தீவுக்குச் சென்றார். நம் தோட்டங்களில் கிராணியார் செய்வது போன்ற கணக்கெழுதும் வேலை கிடைத்தது. கல்லூரியில் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும் ஓய்வு நேரங்களில் பூச்சிகளை ஆராய்ந்தும் வரைந்தும், நூல்களைக் கற்றும் தம் அறிவைப் பெருக்கிக் கொண்டார். பின்னர்க் கனடாவில் மூன்றாண்டுகள் உழவு செய்து தோல்வியுற்றார். 1838இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருத்தித் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். அத்தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த மக்கள் பட்ட கொடுந்துன்பம் அவர் மனத்தை வாட்டியது. ஓராண்டு நிறையுமுன்னரே அவ்விடம் விட்டு நீங்கித் தாயகம் திரும்பினார். இயற்கையைப் பற்றிய நூல்களை எழுதி வாழலானார்.

1852இல் உடல்நலம் குன்றவே, டெவன் கடற்கரைக்குச் சென்று தங்கினார். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் வாழும் சிற்றுயிர்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்க்க முற்பட்டார். வீடுகளில் மின்சாரம் இல்லாத காலம் அது. பிடித்து வந்த உயிர்கள் சில நாளில் மடிய, நீர் நாறிப்போகும். நீர்ச்செடியும் மீனும் ஒன்றுக்கொன்று துணையாய் வாழ்வதை வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் 1850இல் நன்னீரில் காட்டியிருந்தார். ஆன்னா தைன் என்னும் அம்மையார் பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டு சென்று கடல்நீரில் வளர்த்தார். காஸ் இக்கலையை எவரும் செய்யக்கூடிய எளிய முறையாக்கினார்.

அம்முறை யாது? பச்சைக் கடற்பாசி பற்றிய கல்லை முதலில் தொட்டியில் இட வேண்டும். ஒளி பட்டால் பாசி பிராணவாயுவை வெளிவிடும். உயிர்கள் அதனைச் சுவாசித்துக் கரியமிலவாயுவை விடும். அது மீண்டும் பாசிக்கு உதவும். இச்சமநிலை ஏற்பட்ட பின்னரே கடற்சாமந்தி முதலியவற்றை விடுதல் வேண்டும். தொட்டி சிறியதாயின் கவனம் மிகுதியாக வேண்டும். ஓர் உயிர் மடிந்தாலும் நீர் முழுதும் கெடும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். ஆதலால் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். கடுவெயில் படலாகாது. கடலுக்குத் தொலைவில் வாழ்வோருக்காக, சமையல் உப்புடன் வேறு மூன்று உப்புகளைச் சேர்த்துச் செயற்கைக் கடல்நீர் செய்யும் வழியையும் அவர் வகுத்தார்.

1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்திற்கு அவர் சேகரித்த உயிர்கள் சென்றன. 1854இல் அவர் வெளியிட்ட நூலால் 'அக்குவேரியம்' என்னும் சொல் எங்கும் பரவியது. 1856இல் இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. மறு ஆண்டு அவர் மனைவியார் புற்றுநோயால் மறைந்தார். துயரிலும் தளராமல், கடற்சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய பெருநூலை 1860இல் முடித்தார்.

ஆயினும் அவர் புகழே கடலுக்குத் தீங்காயிற்று. அவர் நூல்களைப் படித்தோர் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்கு வந்து, கையில் அகப்பட்ட உயிர்களையெல்லாம் பெயர்த்தெடுத்துச் சென்றனர். பல்லாண்டுகளாக அழகு குலையாதிருந்த பாறைக் குழிகள் வெறுமையாயின. இதனால் தந்தையார் பெரிதும் வருந்தினார் என்று அவர் மகன் எட்மண்ட் 1907இல் எழுதினார். காஸ் 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் காலமானார்.

மாணவச் செல்வங்களே! கல்லூரி காணாத கணக்கர் ஒருவர், கற்கும் ஆர்வத்தால் பேரறிஞரானார். அவரிடமிருந்து அவ்வார்வத்தைக் கற்போம். அவர் பட்ட வருத்தத்திலிருந்தும் ஒன்றைக் கற்போம். நம் மலேசியக் கடல் பூங்காக்களில் பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றமாகும். சட்டம் காவாத இடத்தில் நாமே காத்தல் வேண்டும். போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சுற்றுலா செல்லும்போது, பாறையடியில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால், அதன்கீழ் வாழும் உயிரைக் கண்டு மகிழ்ந்து, கல்லை இருந்தவாறே திரும்ப வைத்துவிட்டு வருவோமாக.