கேரி கில்டால்

கேரி கில்டால் (மே 19, 1942 – சூலை 11, 1994) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். சியாட்டிலில் பிறந்த இவர், 1974 இல் சிபி/எம் என்னும் இயக்குதளத்தை உருவாக்கினார். பின்னர் மனைவி டோரதியுடன் இணைந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் வெவ்வேறு வன்பொருள் அமைப்பைக் கொண்டிருந்தது. எனவே, வன்பொருளைச் சார்ந்த நிரல்களை மட்டும் பயாஸ் என்னும் தனிப் பகுதியாகக் கில்டால் பிரித்தார். உரிமம் பெற்ற நிறுவனங்கள் அப்பகுதியை மட்டும் மாற்றியெழுதி, சிபி/எம்மைத் தத்தம் கணினிகளில் இயக்கின.

1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினிக்கு மைக்ரோசாப்டின் டாஸ் 40 டாலருக்கும், சிபி/எம்-86 240 டாலருக்கும் விற்கப்பட்டன. விலை குறைந்த டாஸ் நிலைபெற்றது. ஆயினும், கில்டால் வகுத்த பயாஸ் என்னும் பெயர் ஐபிஎம் வகைக் கணினிகளிலும் தொடர்ந்தது.