நிலக்கடலைப் புரதமும் உணவியலறிஞர் வி. சுப்பிரமணியனும்

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களை நீங்கள் கண்டிருக்கலாம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையான அம்மரங்களின் செல் அமைப்பு கல்லில் இன்றும் தெரிகிறது. இம்மாவட்டத்து வயல்களில் விளையும் மல்லாட்டையும் அத்தகைய நுண்ணறைகளால் ஆனதே. அதன் புரதம் செல்சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. சுவர் உடைந்தால்தான் செரிமான நொதிகள் அதனை எளிதில் அணுகும். நன்கு மெல்லப்படாத துண்டுகளிலுள்ள புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும்.

பல்லில்லாத முதியவருக்கும், நோயினால் மெலிந்தவருக்கும் இது சிறிய செய்தியன்று. அவர்களுக்கு உதவும் பாடங்கள் பல, தமிழரான வைத்தியநாத சுப்பிரமணியனின் ஆய்வு வாழ்வில் உள்ளன.

நீர் தேங்கிய வயல்மண்ணின் உயிர்வேதியியலை இங்கிலாந்தில் ஆராய்ந்த அவர், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரானார். பால் எட்டாத ஏழைகளுக்காக 1940-களில் சோயா பாலை ஆராய்ந்தார். நிலக்கடலைப் பாலிலும் கருத்தைச் செலுத்தினார். ஊறவைத்தல், அரைத்தல், வடிகட்டல், கொதிக்கவைத்தல் என்னும் அவ்வரிசை உங்கள் சமையலறைக்கும் பொருந்தும். அரைத்தல் சுவரை உடைக்கிறது. வெப்பம் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களின் வீரியத்தைக் குறைக்கிறது. ஆயினும் கருக வறுத்தால் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைந்துவிடும்.

1950-இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அவரே முதல் இயக்குநர். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு அந்நாளில் பெரும்பாலும் மாட்டுக்கும் எருவுக்குமே சென்றது. உண்ணத்தக்க முறையில் எடுக்கப்பட்ட நிலக்கடலை மாவு மூன்று பங்கும் கடலைமாவு ஒரு பங்கும் சேர்த்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் கலந்த பல்நோக்கு உணவு அவர் காலத்தில் அங்கு உருவாயிற்று. மரவள்ளி மாவு, நிலக்கடலை மாவு, கோதுமை ரவை ஆகியவற்றை அரிசி வடிவ மணிகளாக்கவும் முயன்றனர். சத்து மிகுந்திருந்தும், சோற்றைப் பழகிய நாவு அதனை எளிதில் ஏற்கவில்லை என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். நோயாளியின் விருப்பம் அறியாமல் உணவை மாற்றும் பராமரிப்பாளரும் இதே இடர்ப்பாட்டைச் சந்திப்பார்.

பிற்காலத்தில் அவர் திருவாரூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

மெல்ல இயலாதவருக்கு முழுக் கடலைக்கு மாற்றாக, வேகவைத்து மசித்த பருப்பையோ, அரைத்த கடலைக் கஞ்சியையோ தாருங்கள். விழுங்குவதில் சிரமமுள்ளோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் முழுக் கடலை மூச்சுக்குழாயில் அடைக்கக்கூடும். கஞ்சியின் பதத்தையும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். பூஞ்சை படிந்த, கசக்கும் பருப்புகளை நீக்குங்கள். வறுப்பதால் அவற்றின் நச்சு முற்றிலும் அகலாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதனை அறவே தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டபின்னரே மாற்றுதல் வேண்டும்.