சிறுநீரைச் சாட்சியாக்கிய மருத்துவ மாமேதை இப்னு சீனா



சிறுநீர் நஜீஸ் என்பதையும், அதிலிருந்து தூய்மை பேணுவதன் அவசியத்தையும் நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் கற்றுள்ளோம். அதனாலோ என்னவோ, அதைப் பற்றி வாய் திறக்கவே நம்மில் பலர் கூசுகின்றனர். நிறம் மாறினாலும், நுரைத்தாலும், இரவில் பலமுறை எழ நேர்ந்தாலும் மருத்துவரிடம்கூட மறைத்து விடுகின்றனர். ஆனால் அந்தக் கழிவையே கண்ணாடிக் குடுவையில் ஏந்தி, உடலின் உள்நிலையைக் கூறும் சாட்சியாக விசாரித்த ஓர் அறிஞரின் வரலாற்றை இவ்விதழில் நினைவுகூர விழைகிறோம். அவர்தாம் அபூ அலீ ஹுஸைன் இப்னு சீனா. ஐரோப்பியர் இவரை அவிசென்னா என்று அழைத்தனர்.

இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள புகாரா நகருக்கு அருகே, அஃப்ஷனா என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 370இல், அதாவது கி.பி. 980இல் இவர் பிறந்தார். தந்தை அப்துல்லாஹ் அரசாங்க அலுவலர், தாயார் சிதாரா. பத்து வயதிலேயே திருக்குர்ஆனைக் கற்று முடித்தார். காய்கறி வணிகர் ஒருவரிடம் இந்தியக் கணக்கு முறையைப் பயின்றார். விடை காண இயலாத சிக்கல் எழும்போதெல்லாம் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது இறைவனிடம் தெளிவை வேண்டுவது அவரது வழக்கமாக இருந்தது. பதினாறு வயதில் நோயாளிகளைக் கவனிக்கலானார். சாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்சூர் நோயுற்றபோது சிகிச்சைக்கு அழைக்கப்பட்டார். அதன் பயனாக அரசரின் நூலகத்தில் பயிலும் அனுமதி கிட்டியது.

பின்னர் அரசியல் குழப்பங்களால் ஊர் ஊராக அலைய நேர்ந்தது. ஜுர்ஜான் நகரில் தொடங்கிய மருத்துவப் பெருநூலே அல்கானூன் ஃபித்திப் என்பதாகும். ஹமதானில் அமீர் ஷம்சுத் தவ்லாவின் வயிற்று நோயைத் தீர்த்து, அவருக்கே அமைச்சரானார். பகலெல்லாம் அரசுப் பணி. இரவில் மாணவர் சூழ நூற்பணி என்று அவரது நாட்கள் கழிந்தன. அமீரின் மறைவுக்குப்பின் ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறைப்பட்டார். அங்கும் எழுதுவதை நிறுத்தவில்லை. பிறகு சூஃபி வேடத்தில் வெளியேறி இஸ்ஃபஹானை அடைந்தார்.

ஐந்து பாகங்களைக் கொண்ட கானூனின் முதற் பாகத்தில், நாடியை அடுத்துச் சிறுநீரை விரிவாக ஆராய்கிறார். நிறம், அடர்த்தி, தெளிவு அல்லது கலங்கல், அடியில் படியும் வண்டல், அளவு, மணம், நுரை ஆகிய ஏழையும் நோக்கச் சொல்கிறார். மஞ்சள் நிறத்தில் மட்டும் வைக்கோல், நாரத்தை, நெருப்பு, குங்குமப்பூ எனப் பல படிகளை வகுக்கிறார். சிலர் தொட்டும் சுவைத்தும் பார்த்தனர். அருவருப்பைக் கருதி அவ்விரண்டையும் தாம் விலக்கிவிட்டார். நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் இருப்பது சர்க்கரைதான் என்பதை 1776இல் ஆங்கில மருத்துவர் மேத்யூ டாப்சன் சோதனை வழியே காட்டினார்.

இப்னு சீனாவின் சிறப்பு, சாட்சியை அப்படியே நம்பிவிடாமல் நிபந்தனைகள் விதித்ததில் உள்ளது. அதிகாலையில், உண்ணும் முன்னும் பருகும் முன்னும் எடுக்க வேண்டும், தெளிந்த கண்ணாடிப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும், வெயில் படக் கூடாது, நேரம் கடத்தலாகாது. குங்குமப்பூ போன்ற நிறமூட்டும் பொருளை உண்டிருந்தாலும், மருதாணி பூசியிருந்தாலும் நிறம் ஏமாற்றக்கூடும். நோன்பு, கண்விழிப்பு, கடும் உழைப்பு, கோபம் ஆகியவையும் நிறத்தை மாற்றும் என்கிறார். இக்காலப் பரிசோதனைக் கூடத்தில் அதிகாலை முதல் சிறுநீரைக் கேட்கும்போதும், உட்கொள்ளும் மாத்திரைகளை விசாரிக்கும்போதும் பின்பற்றப்படுவது இதே எச்சரிக்கைதான். நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளிலும் சிறுநீர் இடம்பெறுகிறது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் ஜெரார்டு என்பவர் கானூனை இலத்தீனில் பெயர்த்தார். பதினேழாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அது பாடநூலாக விளங்கியது.

இத்தகைய மேதை தம் உடல் அளித்த அறிகுறிகளுக்குச் செவிசாய்த்தாரா என்றால், இல்லை என்றே அவருடைய மாணவர் ஜூஸ்ஜானி எழுதிய வரலாற்றால் அறிகிறோம். கடும் வயிற்று வலி கண்டபோது, படையுடன் செல்ல வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக் குடலைப் புண்ணாக்கிக் கொண்டார். சற்றுத் தேறியதும் மீண்டும் கட்டுப்பாட்டைக் கைவிட்டார். இறுதியில் மருந்தை நிறுத்தி, தர்மம் செய்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதுவதில் ஈடுபட்டார். ஹிஜ்ரி 428 ரமளானில், கி.பி. 1037இல், 60 வயதைக்கூட எட்டாமல் ஹமதானில் மறைந்தார். அவரது அடக்கத்தலம் இன்றும் அங்குள்ளது.

அறிவு வேறு, அதன்படி நடப்பது வேறு என்பதை இம்முடிவு நமக்கு உணர்த்துகிறது. நீரிழிவால் சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கும்போது வலி தோன்றாது. அல்புமின் என்னும் புரதம் சிறிதளவு சிறுநீரில் கசியும். அது கண்ணுக்கும் புலப்படாது. சோதனையே அதனைக் காட்டும். ஆகவே சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறுநீரைச் சோதித்தறிதல் வேண்டும். பீட்ரூட் உண்டு சிவந்தால் அஞ்ச வேண்டியதில்லை. காரணமின்றிச் சிவந்தால், வலி இல்லையென்றாலும் தாமதிக்கலாகாது. வீட்டிலுள்ள பெரியோர்களும் தாய்மார்களும் வெட்கத்தால் மறைப்பதைப் பிள்ளைகள் பரிவுடன் கேட்டறிதல் நலம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தை நல்குவானாக! ஆமீன்.