நெய்யூர் டாக்டரின் உபவாசம்

உபவாசம் என்றால் ஒரு வேளைச் சோற்றை விடுவது மட்டும்தானா? பசித்தவனோடு பகிர்வதே உபவாசம் என்கிறது பைபிள்.

டாக்டர் சாமர்வெல் இங்கிலாந்தில் பூட்ஸ் தொழிற்சாலைக் குடும்பத்துச் செல்வப் பிள்ளை. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்தார். பனிச்சரிவில் ஏழு சுமைகூலிகள் மாண்டனர். அந்தத் துயரோடு இந்தியாவைச் சுற்றியவர், திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் ஏழை நோயாளிகள் கூட்டம். அறுவைக்குத் தேர்ந்த டாக்டரோ ஒருவரே! லண்டன் ஆஸ்பத்திரி வேலையை உதறினார். கால் நூற்றாண்டு நெய்யூரில் உழைத்தார்.

அங்கே பல ஏழைகளுக்கு மரச்சீனிக் கிழங்கே சாப்பாடு. வயிற்றுப் புண்ணால் துடித்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு அறுவை செய்தார். அதைப் பற்றி நூலும் எழுதினார். ஏழையின் பசியை அவன் வயிற்றைத் திறந்தே கண்டவர் அவர்.

1975-ல் மறைந்தார். அவர் விட்டது ஒரு வேளைச் சோறல்ல, சுகவாழ்வு. அதுவே அவர் உபவாசம்!