சிறையிலிருந்து வந்த உலகப் பாடம்

நாங்கள் படித்த காலத்தில் சரித்திரம் என்றால் ஆண்டுகளை மனனம் செய்வதுதான். வெளிநாட்டு நடப்புகள் பரீட்சைக்கு வராது. அப்படியிருந்த எங்கள் வகுப்புக்கு ஆசிரியை ஒருவர் கொண்டுவந்த தடித்த புத்தகம், ஜவாஹர்லால் நேரு மகளுக்கு எழுதிய கடிதங்கள்.

1889 இல் அலகாபாத்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் கற்று வழக்கறிஞரானவர் நேரு. அவரது அரசியலை எல்லோரும் அறிவர். 1930 ஒக்டோபரில், இந்தியப் பஞ்சாங்கப்படி இந்திராவின் 13 ஆவது பிறந்தநாளன்று, பரிசனுப்ப வழியில்லாத நைனிச் சிறையில் இக்கடிதங்களைத் தொடங்கினார். நூலகம் இல்லை, பழைய குறிப்பேடுகளே துணை. எழுதியவை மகளிடம் போகாமல் சிறையிலேயே குவிந்தன.

1931 இல் விடுதலையாகிக் குடும்பத்துடன் இலங்கை வந்தபோது கப்பலிலும் எழுதினார். அனுராதபுரத்துப் புத்தர் சிலையில் மனம் லயித்தார். அடுத்த ஆண்டு இங்குள்ள நண்பரொருவர் அனுப்பிய அச்சிலையின் படம் டேராடூன் சிறையில் அவர் மேசைமீதிருந்தது.

1933 ஓகஸ்டில் முடிந்த 196 கடிதங்களில் கடைசிப் பகுதி அன்றைய உலக நடப்பே. அவ்வாண்டு ஜனவரியில் பதவியேற்ற ஹிட்லரைப் பற்றி யூலையில் எழுதினார். லண்டன் பொருளாதார மாநாடு முறிந்தது, ஆயுதக் குறைப்புப் பேச்சு, யுத்த அச்சம் எதையும் பதினைந்து வயது மகளிடம் மறைக்கவில்லை. (நாணயச் சிக்கல் வரும் பக்கங்களை நாங்கள் தாண்டியதுண்டு.)

கடிதங்களைத் திரட்டித் தட்டச்சுச் செய்வித்தவர் தங்கை விஜயலட்சுமி பண்டிட். 1953 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் முதற் பெண் தலைவரானவரும் அவரே. நேரு 1964 மே 27 இல் காலமானார். ஆசிரியையின் அந்தப் பிரதி இன்று எங்களில் ஒருத்தியிடம் இருக்கிறது, மட்டை கழன்றபடி.