பனியை எடை போட்ட பேராசிரியர்

பஞ்சை எடை போடுவார்கள். பருப்பை எடை போடுவார்கள். பொன்னைக் குன்றிமணி வைத்து எடை போடுவார்கள். மலை மேல் விழுந்து கிடக்கும் பனியை யாராவது எடை போடுவார்களா?

போட்டார் ஒருவர்! அதற்கென்றே ஒரு குழாயும் ஒரு தராசும் செய்தார். அவற்றைத் தோளில் சுமந்துகொண்டு, பனிப்புயல் வீசும் மலையில் ஏறினார். அவர் போட்ட எடையினால் ஒரு தண்ணீர்ச் சண்டை தீர்ந்தது. பிறகு ஒரு தேசமே அவர் வழியில் பனியை அளக்கத் தொடங்கியது.

அவர் பெரிய விஞ்ஞானியாக இருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அவர் லத்தீன் மொழிப் பேராசிரியர்!

அவர் பெயர் ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச்.

பாலைவனத்துக்கு வந்தார்

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஹாலி என்ற ஊரில், 1869-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சர்ச் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். 1892-ல் அவருக்கு வேலை கிடைத்தது. இடம், மேற்கே வெகுதூரத்தில் உள்ள நெவாடா மாகாணத்தின் ரீனோ நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் லத்தீனும் ஜெர்மனும் கற்பிக்க வேண்டும்.

ரீனோ ஒரு வறண்ட பூமி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்து வைத்தால் ஏழெட்டு அங்குலம் தேறும். அவ்வளவுதான். ஆனாலும் அங்கே வயல் உண்டு, தோட்டம் உண்டு, ஊர் நடுவே ஓர் ஆறும் ஓடுகிறது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மேற்கே நிற்கும் சியரா நெவாடா மலைத்தொடரில் இருந்து வந்தது. குளிர்காலத்தில் அந்த மலைகளில் பனி கொட்டுகிறது. இது நம் மார்கழி மாதத்துப் பனி அல்ல. பஞ்சு போல் வானத்தில் இருந்து விழுந்து, பத்தடி, பதினைந்தடி உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் வெண்பனி. வசந்த காலத்தில் அது உருகி ஆறாக ஓடிவருகிறது. மலைதான் அந்த ஊருக்கு ஏரி. பனிதான் அந்த ஏரியின் தண்ணீர்.

சர்ச்சுக்கு மலை ஏறுவதில் ஆசை அதிகம். ரீனோவுக்கு அருகே ரோஸ் மலை இருக்கிறது. உயரம் சுமார் 10,800 அடி. கோடையில் பலர் ஏறுவார்கள். குளிர்காலத்தில் யார் போவார்கள்? சர்ச் போனார்! 1895-ல், பனி மூடிய காலத்தில் அதன் உச்சியை மிதித்தார். இதற்கிடையே 1894-ல் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. மனைவியின் பெயர் புளோரன்ஸ். பிறகு சர்ச் ஜெர்மனிக்குச் சென்று, 1901-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றுத் திரும்பினார்.

அதன்பின் அவர் லத்தீனோடு நின்றிருக்கலாம். கௌரவமான வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால், மலை அவரை விடவில்லை.

உச்சியில் ஒரு குடிசை

1905-ம் ஆண்டு ரோஸ் மலையின் உச்சியில் ஒரு வானிலைக் கூடம் எழுந்தது. கூடம் என்றதும் பெரிய மாளிகை என்று எண்ண வேண்டாம். சிறிய குடிசைதான். உள்ளே வெப்பம், காற்று, அழுத்தம் ஆகியவற்றைத் தாமாகவே பதிவு செய்யும் கருவிகள். குளிர்காலம் முழுவதும் யாராவது மேலே போய், காகிதத்தை மாற்றிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்த வேலையைச் சர்ச் ஏற்றார்.

கருவிகளின் மேல் உறைபனி இறகு இறகாகப் படிந்துவிடும். காற்றாடி சுழலாது. அதைச் சுரண்டி எடுத்துச் சுழல வைக்க வேண்டும். கை விரல் மரத்துப் போகும். இத்தனையும் செய்துவிட்டுக் கீழே வந்து, வகுப்பில் லத்தீன் இலக்கணம் நடத்த வேண்டும்!

சரி, இதற்குப் பணம்?

இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது. மலை உச்சியில் காற்றையும் பனியையும் குறித்து வைப்பதால் யாருக்கு லாபம்? இன்று விதைத்து நாளை அறுக்கும் வேலை அல்ல இது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு குறித்து வைத்தால்தான் பொருள் விளங்கும். இப்படிப்பட்ட வேலைக்குப் பெட்டியைத் திறக்க எந்த வியாபாரி முன்வருவார்?

1906-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் ஆடம்ஸ் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கும் அந்தச் சட்டம் கூடுதல் பணம் ஒதுக்கியது. ஒரு நிபந்தனை. அந்தப் பணத்தை அசலான ஆராய்ச்சிக்கு மட்டுமே செலவிட வேண்டும். நெவாடா நிலையம் அந்தப் பணத்தில் இருந்து ரோஸ் மலை வேலைக்குப் பங்கு கொடுத்தது. ஒரு லத்தீன் வாத்தியாரின் மலை வேலைக்கு விவசாயப் பணம் கிடைத்தது என்றால், அதைக் கொடுத்தவர்களின் துணிச்சலையும் நாம் பாராட்டத்தான் வேண்டும்.

குழாயும் தராசும்

முதலில் சர்ச் ஆராய எண்ணியது வேறு. கீழே பள்ளத்தாக்கில் பழத்தோட்டங்களைக் கருக்கும் உறைபனி வரப்போவதை மேலிருந்தே அறிய முடியுமா என்று பார்த்தார். பிறகு காட்டு மரங்களுக்கும் பனிக்கும் என்ன உறவு என்று ஆராய்ந்தார். அடர்ந்த காட்டில் பனி மரக்கிளையிலேயே தங்கி வீணாகிறது. மொட்டை வெளியில் காற்று அதை வாரிக்கொண்டு போகிறது. ஆகவே இடையிடையே சிறிய வெட்டவெளிகள் உள்ள காடுதான் பனியை நன்றாகச் சேர்த்து வைக்கும் என்று கண்டார்.

இதை நிரூபிக்கப் பனியை அளக்க வேண்டும். கோலை ஊன்றி ஆழம் பார்த்தால் போதாதா? போதாது! புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. அதில் பத்தடி உருகினால் ஓரடித் தண்ணீர்தான் வரும். பல மாதம் கிடந்து இறுகிய பனியோ அதே பத்தடியில் நான்கடித் தண்ணீர் கொடுக்கும். ஆழம் ஏமாற்றும். எடை ஏமாற்றாது.

சர்ச் ஓர் எஃகுக் குழாய் செய்தார். உட்புற விட்டம் சுமார் ஒன்றரை அங்குலம். நுனியில் ரம்பம் போல் பற்கள். துண்டு துண்டாகக் கழற்றி முதுகில் சுமக்கலாம். ஒன்றோடொன்று திருகிச் சேர்த்தால் நீண்ட குழாய். அதைப் பனிக்குள் தரை தட்டும் வரை சொருகித் திருப்பி வெளியே எடுத்தால், மேலிருந்து கீழ் வரை உள்ள பனி உள்ளே இருக்கும். குழாயோடு தராசில் மாட்டி, வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் தீர்ந்தது. இந்த வழியில் வந்த குழாய்களின் வாயை வெகு கச்சிதமாக அமைத்தார்கள். ஓர் அவுன்ஸ் எடை என்றால், அந்த இடத்தில் ஓர் அங்குலத் தண்ணீர். கணக்குப் புத்தகமே வேண்டாம்!

ஏரிக்கரைச் சண்டை

ரோஸ் மலைக்குத் தென்மேற்கே தாகோ ஏரி இருக்கிறது. நீளம் 22 மைல், அகலம் 12 மைல். அதில் இருந்து வெளியேறும் ஒரே ஆறு ட்ரக்கி. அந்த ஆறுதான் ரீனோ வழியாக ஓடுகிறது. ஆறு புறப்படும் இடத்தில் ஓர் அணை கட்டி, ஏரியின் மேல்மட்டத்தில் ஆறடித் தண்ணீரைத் தேக்கியும் திறந்தும் விடுவார்கள்.

அந்த ஆறடிக்குத்தான் சண்டை! கீழே இருக்கும் விவசாயிகளுக்கும் மின்சாரக் கம்பெனிக்கும் ஏரி நிறைந்திருக்க வேண்டும். கரையோரத்தில் வீடும் ஓட்டலும் கட்டியவர்களுக்கோ ஏரி பொங்கிவிடக் கூடாது. மதகை முன்னதாகத் திறந்தால் கோடையில் பயிர் காயும். திறக்காவிட்டால் கரை முழுகும். மலையில் எவ்வளவு தண்ணீர் காத்திருக்கிறது என்று தெரியாமல் யார்தான் முடிவு செய்ய முடியும்?

1911-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் சியரா மலையில் பனி கொட்டித் தீர்த்தது. சர்ச் தம் குழாயோடு கிளம்பினார். ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில் பனியை அளந்தார். ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே கணித்துக் கொடுத்தார். அதை நம்பி மதகைத் திறந்து தண்ணீரைக் காலத்தோடு வெளியே விட்டார்கள். கரை தப்பியது.

மலை முழுவதையும் அவர் அளந்தாரா? அதுதான் இல்லை. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. குறிப்பிட்ட சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் அதே இடங்களில், அதே தேதியை ஒட்டி அளந்தார். வழக்கமாக அங்கே இருக்கும் பனியோடு ஒப்பிட்டு, இவ்வளவு சதவீதம் என்று கண்டார். பனி வழக்கத்தில் 80 சதவீதம் இருந்தால், ஆற்றில் வரும் தண்ணீரும் ஏறத்தாழ அந்த அளவே இருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போலத்தான்!

சர்க்கார் கண் திறந்தது

அக்கம்பக்கத்து மாகாணங்கள் இந்த முறையைப் பின்பற்றின. கலிபோர்னியா 1929-ல் பனி அளவைத் திட்டம் தொடங்கியது. 1934-ல் மேற்கு அமெரிக்காவைக் கொடிய பஞ்சம் வாட்டியது. அதன் பிறகுதான், 1935-ல், மத்திய சர்க்கார் பனி அளப்பதற்குப் பணம் ஒதுக்கியது. அப்போது சர்ச்சுக்கு வயது 66. ரோஸ் மலையில் குடிசை எழுந்து முப்பது ஆண்டு ஆகியிருந்தது! பணம் வர ஒரு பஞ்சம் வேண்டியிருந்தது என்பது வருத்தமான விஷயம்தான்.

வெளிநாடுகளிலும் பனி ஆராய்ச்சி சூடுபிடித்தது. ஸ்விட்சர்லாந்தில் பனிச்சரிவு ஊரையே மூடி உயிர்களைக் குடிக்கும். 1936-ல் தாவோஸ் நகருக்கு மேலே வைஸ்புளூயோக் என்ற மலையில் ஒரு பனிக்குடில் அமைத்து ஆராயத் தொடங்கினார்கள். பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. அடுக்கடுக்காக இருக்கிறது. நடுவில் ஓர் அடுக்கு சர்க்கரை போல் உதிரியாகிவிட்டால், அதன் மேல் உள்ள பாரம் திடீரென்று வழுக்கிக் கொண்டு இறங்கும். மழை நனைத்தாலும் அதே கதிதான். ஆகவே எத்தனை அடி என்பதை விட, எத்தனை எடை, எப்படிப்பட்ட அடுக்கு என்பதே அங்கும் கேள்வி.

சர்ச் சும்மா இருக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1920-களில், மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவோடு கிரீன்லாந்துக்குப் போனார். 1931-ல் ரீனோவில் ஓவியக் கூடம் ஒன்றை நிறுவவும் பாடுபட்டார். 1939-ல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். 1947-ல் நம் இந்திய அரசு அழைத்தது. இமயமலைப் பனியை எப்படி அளப்பது என்று ஆலோசனை சொல்ல வேண்டும். 78 வயதுக் கிழவர் புறப்பட்டு வந்துவிட்டார்!

1959-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 90-வது வயதில், ரீனோவில் அவர் கண்ணை மூடினார். புளோரன்ஸ் வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டார். பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கட்டிடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரோஸ் மலைத் தொடரில் ஒரு சிகரத்துக்கும் சர்ச் சிகரம் என்று பெயர்.

வழக்கம் மாறிவிட்டது

அவர் போன பிறகு கருவிகள் மாறின. பனியின் பாரத்தைத் தாங்கி எடை சொல்லும் பெரிய தலையணைகளை மலையில் விரித்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் இருந்து அவை தாமாகவே ரேடியோவில் செய்தி அனுப்பின. இப்போது அமெரிக்காவின் மேற்கு மலைகளில் இத்தகைய நிலையங்கள் 900-க்கும் மேல் உண்டு. ஆனாலும் குழாயும் தராசும் ஓய்வு பெறவில்லை.

பூமி சூடேறுவதைப் பற்றி விஞ்ஞானிகள் ஆராய வந்தபோது, பழைய குறிப்பேடுகள் புதையலாகக் கிடைத்தன. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, நீண்டகாலப் பதிவு உள்ள இடங்களில் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டவற்றில் வசந்தகாலப் பனி குறைந்துவிட்டது என்று காட்டியது. மொத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை குறைவு. அன்று யாரோ பணம் கொடுத்து, யாரோ மலை ஏறி எழுதி வைத்திராவிட்டால், இந்தக் கணக்கை எதோடு ஒப்பிடுவது?

ஒரு சிக்கலும் வந்திருக்கிறது. சர்ச்சின் முறை முழுவதும், வழக்கம் என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அந்த வழக்கமே நகர்ந்தால்? பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து உடனே ஓடிவிட்டால்? பத்து ஆண்டுக்கு ஒருமுறை வழக்கத்தின் அளவைத் திருத்திக்கொண்டு வருகிறார்கள்.

தாகோ ஏரிக்குத் தெற்கே பிலிப்ஸ் என்ற இடத்தில் ஆண்டுதோறும் பனி அளப்பது உண்டு. 2015 ஏப்ரல் 1-ந் தேதி கலிபோர்னியா கவர்னரே உடன் வந்திருந்தார். குழாயைச் சொருகப் பனியே இல்லை! எல்லோரும் வெறும் புல்தரையில் நின்றார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், அதே இடத்தில் குழாயைச் சொருகினார்கள். ஆழம் 126½ அங்குலம். தராசில் மாட்டிப் பார்த்தால் 54 அங்குலத் தண்ணீர்.